பெரிய வருத்தம் வந்த வீடு: நம்பிக்கையை எங்கிருந்து தொடங்குவது?

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நோய்க்கு நாங்கள் சொல்லும் சொல் வருத்தம். மனம் நோவதற்கும் அதே சொல்தான். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரியவரும்போது அந்த இரண்டு பொருளும் சேர்ந்தே வாசலுக்கு வருகின்றன. பலர் நோயின் பெயரை வாயில் எடுப்பதே இல்லை. "பெரிய வருத்தமாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்கள்.

போரைக் கடந்து வந்த குடும்பங்களில் இந்தச் செய்தி விழும் இடம் ஏற்கெனவே புண்ணான இடம். இடப்பெயர்வு, முகாம், மீள்குடியேற்றம், ஓலைக் கொட்டில், அரைகுறையாக நிற்கும் கல்வீடு, நுண்கடன் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, இனிக் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைத்த வேளையில் இது வருகிறது. "ஷெல்லடிக்கே தப்பி வந்தனாங்கள், இதையும் தாண்டுவம்" என்று சிலர் சொல்வார்கள். "இவ்வளவு காலமும் பட்டது காணாதோ" என்று சிலர் கேட்பார்கள். ஒரே ஆள் காலையில் முதலாவதையும் இரவில் இரண்டாவதையும் சொல்வதும் உண்டு. இரண்டும் நியாயமான பேச்சுத்தான்.

நம்பிக்கை என்றால் 'முற்றாகச் சுகமாகிவிடும்' என்ற ஒன்றை மட்டுமே நாம் பெரும்பாலும் நினைக்கிறோம். அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிற வீட்டில், ஒரு ஸ்கான் அறிக்கை எதிர்பார்த்தபடி வராவிட்டால் அன்றே எல்லாம் இடிந்துபோகிறது. தமிழில் நப்பாசை என்று வேறொரு சொல் இருக்கிறது. நடக்காது என்று உள்ளூரத் தெரிந்தும் விட முடியாத ஆசை அது. நம்பிக்கை அப்படிப்பட்டதல்ல, அதற்குக் கால் ஊன்ற ஓர் இடம் இருக்கும். அடுத்த கிளினிக்குக்குப் போக வாகனம் ஒழுங்காகி இருக்கிறது, இன்றிரவு நோவில்லாமல் நித்திரை வரும், சின்னவளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவரப் பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார் என்பன போன்ற சிறிய உறுதிகளில்தான் நோய் உள்ள ஒரு வீடு நாளை நகர்த்துகிறது. கவனித்துப் பார்த்தால் அந்த ஒவ்வோர் உறுதிக்குப் பின்னாலும் இன்னொரு மனிதர் இருப்பார். தனித்துப்போன வீட்டில் இந்த உறுதிகள் கிடைப்பதில்லை. ஆகவே, அந்த மனிதர்களை எங்கே, எப்படித் தேடுவது என்பதைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. புற்றுநோயை மையமாக வைத்து எழுதினாலும் சிறுநீரக நோய், பாரிசவாதம் போன்ற நீண்ட நோய்களுக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

மூடி வைத்த செய்தி

நோயைப் பற்றி முதலில் அறிந்துகொள்பவர் பல வீடுகளில் நோயாளி அல்ல. டொக்டர் மூத்த மகனையோ மருமகனையோ தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறார். "அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ, தாங்கமாட்டா" என்று குடும்பம் முடிவெடுக்கிறது. வெளியே சொல்லாமலிருக்கக் காரணங்கள் இன்னும் கூட: மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும், பரம்பரை வருத்தம் என்று கதை கட்டுவார்கள், தொற்றிவிடும் என்று சனம் வரப் பயப்படும்.

அன்பினால் செய்வதுதான். ஆனால் வீட்டுக்குள் அதன் விளைவு வேறு. கீமோ ஏற்றும் விடுதியில் சுற்றியிருப்பவர்களைப் பார்க்கும் ஒரு தாய்க்குத் தனக்கு என்ன வருத்தம் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். பிள்ளைகள் நோகக்கூடாது என்று அவரும் தெரியாததுபோலவே இருப்பார். ஒரே கூரையின் கீழ் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எல்லோரும் ஒளித்துக்கொண்டு, தனித்தனியே அழுகிறார்கள். பயத்தைச் சொல்ல, மன்னிப்புக் கேட்க, காணியை யார் பேரில் எழுதுவது என்று பேச இருந்த நாட்கள் இப்படியே போய்விடுகின்றன.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முகத்திலடித்தாற்போல் சொல்ல வேண்டும் என்பதில்லை. நோயாளியிடமே கேட்கலாம்: "டொக்டர் சொன்னதில உங்களுக்கு என்ன விளங்கினது? இன்னும் ஏதும் அறிய விருப்பமோ, இல்லாட்டி நாங்கள் பார்த்துக்கொள்ளட்டோ?" சிலர் விவரமாகக் கேட்பார்கள். சிலர் "நீங்களே பாருங்கோ" என்பார்கள். இரண்டையும் மதிக்கலாம். கேட்காமலே தீர்மானிப்பதுதான் தவறு.

பிள்ளைகளின் விஷயம் இன்னும் நுட்பமானது. சொல்லாமல் கொள்ளாமல் ஆட்கள் மறைந்துபோன காலத்தை எங்கள் பிள்ளைகளில் பலர் பார்த்தவர்கள், அல்லது பார்த்தவர்களின் மடியில் வளர்ந்தவர்கள். அப்பா திடீரென்று வீட்டில் இல்லை, அம்மா அழுதபடி இருக்கிறார், காரணம் யாரும் சொல்லவில்லை என்றால் அந்தப் பிள்ளை தன் கற்பனையில் நோயைவிடப் பயங்கரமான ஒன்றைக் கட்டிக்கொள்ளும். வயதுக்கேற்ற எளிய சொற்கள் போதும்: அப்பாவின் உடம்புக்குள் ஒரு வருத்தம் வந்திருக்கிறது, அதற்கு மருந்து செய்கிறோம், அது தொற்றாது, நீ குழப்படி செய்ததால் வந்ததல்ல. கடைசி வசனத்தைப் பெரியவர்கள் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் மிகவும் தேவை.

ஒளிப்பதால் சிகிச்சையும் பிந்துகிறது. இலங்கையில் பெண்களிடம் அதிகம் காணப்படுவது மார்புப் புற்றுநோய், ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய். இரண்டும் வெளியே தெரியக்கூடிய, தொட்டுப் பார்க்கக்கூடிய இடங்களில் வருபவை. கட்டியை மாதக்கணக்கில் சேலைக்குள் மறைத்து வைத்திருந்த பெண்களும், வெற்றிலை புகையிலை போடும் வாயில் ஆறாத புண்ணைப் 'பல்லுக் குத்தினது' என்று சொல்லித் தள்ளிப்போட்ட ஆண்களும் எல்லா ஊரிலும் உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளோடு சேர்ந்த சுக வனிதையர் கிளினிக்குகள் 1996 முதல் இயங்குகின்றன. 35, 45 வயதுகளில் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் மார்புப் பரிசோதனையும் அங்கே இலவசம். வீட்டில் ஒருவருக்கு நோய் வந்திருக்கிறது என்றால் மற்றவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ள அதுவே போதிய காரணம்.

ஆஸ்பத்திரியோடு பழகுவது

வடக்கில் புற்றுநோய் வந்த ஒருவர் முன்னர் பட்ட பாடு இளையவர்களுக்குத் தெரியாது. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு மகரகமவுக்குப் போவதென்றால் முதலில் அனுமதி, பிறகு திருகோணமலைக்குக் கப்பல் அல்லது விமானம், அதன் பிறகு கொழும்பில் தங்க இடம், மொழி தெரியாத விடுதி. வன்னிக்குள் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

இன்று தெல்லிப்பழையில் நிற்கும் புற்றுநோய் வைத்தியசாலையின் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. 2011 ஜூலையில் நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ ஆகிய இருவரின் முன்முயற்சியில் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாட்கள், ஏறத்தாழ 670 கிலோமீற்றர், ஆயிரக்கணக்கானோர் பகுதி பகுதியாகச் சேர்ந்து நடந்தார்கள். அந்த நடையில் திரண்ட பணம்தான் அந்தக் கட்டடம். 2016இல் அதே நடை பருத்தித்துறையில் தொடங்கித் தெற்கு நோக்கிப் போனது, கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக. போர் முடிந்து இரண்டே வருடத்தில், நம்பிக்கையீனம் நிறைந்திருந்த ஒரு காலத்தில், முகம் தெரியாதவர்கள் முகம் தெரியாத நோயாளர்களுக்காக நடந்தார்கள். அரசியல் தீராக்கணக்குகள் அப்படியே இருக்கின்றன என்பது வேறு கதை. கட்டடமும் இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதனால் தூரம் முற்றாகக் குறைந்துவிடவில்லை. முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பழைக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். கீமோ ஏற்றிக்கொண்டு வாந்தியோடு பஸ்ஸில் திரும்பும் ஒருவருக்கு அது 1000 கிலோமீற்றர். சில பரிசோதனைகளுக்கும் சிகிச்சைகளுக்கும் மகரகமவுக்கு இன்னமும் அனுப்பப்படுகிறார்கள். மகரகம வைத்தியசாலையின் இன்றைய பெயர் அபேக்ஷா. சிங்களத்தில் அதற்கு எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்று பொருள். பெயர் விளங்கினாலும் விடுதியில் தாதி சொல்வது விளங்காத தமிழ் நோயாளிக்குப் பயம் இரட்டிப்பாகும். சிங்களம் தெரிந்த ஒருவர் கூடப் போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், நோவின் இடம், ஒவ்வாத மருந்துகள், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் இலக்கம் ஆகியவற்றைச் சிங்களத்தில் எழுதுவித்த ஒரு துண்டைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து அனுப்புங்கள்.

டொக்டரிடம் கேட்பதற்கு நாங்கள் கூச்சப்படுகிறோம். வரிசையில் 100 பேர் நிற்கும்போது அவருக்கும் நேரமில்லை. முதல்நாள் இரவே மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போவது இருவருக்கும் உதவும். இந்தச் சிகிச்சை நோயை மாற்றுவதற்கா, கட்டுப்படுத்தி வைப்பதற்கா, வேதனையைக் குறைப்பதற்கா என்பது அவற்றில் முதலாவதாக இருக்கட்டும். இதற்குரிய பதில் தெரியாமல் காணியை ஈடு வைத்த குடும்பங்கள் உண்டு.

போர்க்காலத்தோடு தொடர்புடைய இரண்டு விஷயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். உடம்பில் ஷெல் துண்டோ சன்னமோ இன்னமும் இருந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரம் மிகப் பலமான காந்தம். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய்களுக்கு அருகில் இரும்புத் துண்டு இருந்தால் அது அசைந்து ஆபத்து விளைவிக்கலாம். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு என்ன செய்வது என்று அவர்கள் முடிவெடுப்பார்கள். 'காயப்பட்டதைச் சொன்னால் விசாரணை வருமோ' என்று பயந்து மறைப்பவர்கள் இருக்கிறார்கள். எப்படிக் காயப்பட்டது என்ற கதை தேவையில்லை, உள்ளே உலோகம் இருக்கிறது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மற்றது, அந்த இயந்திரத்தின் சத்தம். குழாய்போன்ற ஒடுங்கிய இடம், தட்தட்டென்று விடாமல் அடிக்கும் ஒலி. பங்கருக்குள் கிடந்த ஒருவருக்கு அது எதை ஞாபகப்படுத்தும் என்று சொல்லத் தேவையில்லை. இரத்த வாடை, ஓலம், நிலத்தில் விரித்த பாய் என்று விடுதியின் சாதாரணக் காட்சிகளும் சிலரை 2009இன் தற்காலிக வைத்தியசாலைகளுக்கே கொண்டுபோய் விட்டுவிடுகின்றன. அவர் கோழை அல்ல, பிடிவாதக்காரரும் அல்ல. முன்கூட்டியே தாதியிடம் சொன்னால் காதடைப்பு, இடையில் நிறுத்தக் கைமணி, தேவையானால் அமைதிப்படுத்தும் மருந்து பற்றிப் பேச முடியும்.

வீட்டில் ஒட்டி வைக்க வேண்டிய ஒரு குறிப்பும் உண்டு. கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கு 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தால் அது அவசரம். பனடோல் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்த்திருக்கக்கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் உடம்பில் ஒரு சிறு கிருமி சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் சேவைக்குப் பணம் இல்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மீன் கூடாது, முட்டை கூடாது, பால் கூடாது என்று பத்தியம் வைத்து, ஏற்கெனவே மெலிந்தவரை இன்னும் மெலிய வைக்கும் அன்பு எங்களிடம் நிறைய இருக்கிறது. சிகிச்சையில் இருப்பவருக்குப் புரதம் வேண்டும். டொக்டர் தனியாக ஏதும் தடுத்திருந்தாலன்றி முட்டை, மீன், பயறு, பருப்பு எல்லாம் நன்றாக அவித்துச் சுத்தமாகக் கொடுக்கலாம். நேர்த்தி வைப்பதோ கோயிலுக்குப் போவதோ ஒருவருக்கும் பாதகமில்லை, பலருக்கு அதுவே பிடிமானம். 'இந்த மருந்து குடி, ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்து' என்று யாராவது சொன்னால் மட்டும் அந்த வீட்டிலிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

நோவைத் தாங்கிக்கொள்ளத் தேவையில்லை

காயத்தோடு கிலோமீற்றர் கணக்கில் நடந்த சனம் நாங்கள். நோவைப் பொறுப்பது பெருமையாகிவிட்டது. அதனாலேயே புற்றுநோய் வலியையும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள் அதிகம். இது வீண் துன்பம்.

உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே புற்றுநோய் வலிக்கான படிமுறையை வெளியிட்டது. சாதாரண வலி மருந்தில் தொடங்கி, தேவைக்கேற்ப மோர்பீன் வரை போவது அதன் முறை. முக்கியமான விதி, மருந்தை மணிக்கணக்குப்படி கொடுக்க வேண்டும் என்பது. நோ வந்த பிறகு கொடுத்தால் அதைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். நேரத்துக்குக் கொடுத்தால் அது தலைதூக்காமலே இருக்கும். மோர்பீன் என்றதும் 'கடைசிக் கட்டம்' என்றும் 'பழகிப்போகும்' என்றும் குடும்பங்கள் மிரளுகின்றன. டொக்டர் கணக்கிட்டுத் தரும் அளவில் அது மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. வலிக்காக எடுப்பவர் போதைக்கு அடிமையாவதும் அரிது. மலச்சிக்கல் மட்டும் அநேகமாக நிச்சயம், அதற்குரிய மருந்தையும் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். முதல் சில நாள் தூக்கமும் ஓங்காளமும் இருக்கலாம், பிறகு தணியும்.

1967இல் இலண்டனில் சென் கிறிஸ்தோபர் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ் 'முழு வலி' என்ற ஒரு கருத்தைச் சொன்னார். உடம்பின் நோ, மனத்தின் நோ, குடும்பமும் பணமும் தரும் நோ, 'எனக்கு ஏன் இது' என்ற கேள்வியின் நோ எல்லாம் ஒன்றோடொன்று பின்னியவை என்பது அவர் கண்டது. மாத்திரை கொடுத்த பிறகும் இரவு 2 மணிக்கு ஒரு தகப்பன் முனகினால் அது எலும்பின் நோவாக இருக்கலாம். முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்த பிள்ளையாகவும் இருக்கலாம். பக்கத்தில் இருந்து "எங்கை நோகுது அப்பா?" என்று கேட்டு, பதிலுக்குப் பொறுத்திருக்க ஆள் வேண்டும்.

நோயை மாற்றும் சிகிச்சையோடு கூடவே வலி, மூச்சுத்திணறல், மனச்சோர்வு, குடும்பத்தின் கவலை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவத்துக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்று பெயர். "இனி ஒன்றும் செய்ய ஏலாது" என்று கைவிட்ட பிறகு வருவது என்று இதை நினைப்பவர்களுக்காக ஓர் ஆய்வைச் சொல்லலாம். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் செய்யப்பட்டு 2010இல் வெளியான ஆய்வு அது. தொடக்கத்திலிருந்தே இந்தப் பராமரிப்பையும் சேர்த்துப் பெற்றவர்கள் குறைந்த மனச்சோர்வோடு வாழ்ந்தார்கள். வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் நடுவளவாக 8.9 மாதங்கள் வாழ, இவர்கள் 11.6 மாதங்கள் வாழ்ந்தார்கள். எனவே கிளினிக்கில் முதல் தடவையே இதைப் பற்றிக் கேட்கலாம்.

பணமும் வெளிநாட்டுத் தொலைபேசியும்

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. ஆனாலும் குடும்பம் கடனாளியாகிறது. ஓட்டோக் கூலி, கூடப் போகிறவரின் போன நாட்சம்பளம், வெளியே எடுக்கச் சொன்ன ஸ்கான், கையிருப்பில் இல்லாத மருந்து என்று அது கசிந்துகொண்டே போகும். 2022 நெருக்கடியின்போது புற்றுநோய் மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். காப்பை அடகு வைக்கவோ நுண்கடன் கம்பனியின் இன்னொரு படிவத்தில் கையெழுத்துப் போடவோ முன்னர் பிரதேச செயலகத்துக்கு ஒருதரம் போய் வாருங்கள். அங்குள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் நீண்டகால நோயாளருக்கான உதவிகளைக் கேட்கலாம். அஸ்வெசுமவில் சிறுநீரக நோயாளருக்குத் தனிக் கொடுப்பனவு உண்டு. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு முன்னர் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது, 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். பணத்தைச் செலவழித்துவிட்டுப் பிறகு கேட்பதைவிட, சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தவுடனே கேட்பது நல்லது. கிராம அலுவலரின் கடிதமும் டொக்டரின் கடிதமும் எல்லா இடத்திலும் தேவைப்படும், நாலைந்து பிரதி எடுத்து வைத்திருங்கள்.

வெளிநாட்டில் சகோதரங்கள் இருக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல். கனடாவிலிருந்து ஒருவர், சுவிஸிலிருந்து ஒருவர், இலண்டனிலிருந்து ஒருவர் என்று ஆளுக்கொரு ஆலோசனை. "ஏன் இன்னும் கொழும்புக்குக் கொண்டுபோகேல்லை? இந்தியாவுக்கு அனுப்பு, காசு நான் போடுறன்." காசு வருகிறது, மனிதர் வருவதில்லை. கட்டிலைக் கழுவி, சத்தியைத் துடைத்து, நித்திரையில்லாமல் இருக்கும் தங்கச்சிக்கு அந்தத் தொலைபேசி ஒரு விசாரணைபோலக் கேட்கிறது. அந்தப் பக்கத்திலும் வேதனை இருக்கிறது, வர விசா இல்லாதவர்கள், வந்தால் திரும்பிப் போக முடியாதவர்கள் உண்டு. அதிகாரமாகத் தொனிப்பதில் பாதி குற்றவுணர்வுதான். டொக்டரோடு பேசுவதற்கு ஊரில் ஒருவரைக் குடும்பமே தீர்மானித்து, கிளினிக் முடிந்த அன்று அவர் எல்லோருக்கும் ஒரே குரல்பதிவை அனுப்பினால் பத்து அழைப்புகள் மிச்சம். தூரத்தில் இருப்பவர் செய்யக்கூடிய பெரிய உதவிகளில் ஒன்று, மாதத்தில் நாலு நாள் வந்து பார்க்க ஊரிலேயே ஓர் ஆளுக்குக் கூலி கொடுப்பது. இன்னொன்று, "நீ சாப்பிட்டியோ?" என்று அந்தத் தங்கச்சியிடம் கேட்பது.

பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?

எங்கள் ஊர்களில் மரண உதவிச் சங்கங்கள் உண்டு. ஒருவர் கண்ணை மூடினால் பந்தல், கதிரை, பறை, தேத்தண்ணி எல்லாம் சொல்லாமலே வந்து இறங்கும். அந்த வீட்டில் எட்டுவரை அடுப்பு மூட்டத் தேவையில்லை. அதே மனிதர் எட்டு மாதம் படுக்கையில் கிடந்தபோது எத்தனை பேர் படலையைத் திறந்தார்கள்? மனமில்லாமல் அல்ல, போய் என்ன கதைப்பது என்று தெரியாமல் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

கேரளத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1993இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய வலி நிவாரண சங்கம், பின்னர் அயலவர் வலைப்பின்னலாக விரிந்தது. ஆசிரியர், கடைக்காரர், மாணவர் என்று சாதாரண ஆட்கள் சில நாள் பயிற்சி பெற்று, வாரத்தில் ஓரிரு மணித்தியாலம் அயலிலுள்ள நோயாளரின் வீட்டுக்குப் போகிறார்கள். புண் கட்டும் வேலையைத் தாதி செய்ய, இவர்கள் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று பார்க்கிறார்கள். 2008இல் மாநில அரசே இதைத் தன் கொள்கையாக்கியது. சனசமூக நிலையமும் மாதர் சங்கமும் மரண உதவிச் சங்கமும் உள்ள எங்கள் கிராமங்களுக்கு இது எட்டாத ஒன்றல்ல. உறுப்பினர் பட்டியலும் சந்தாக் கொப்பியும் ஏற்கெனவே இருக்கின்றன.

சங்கம் வரும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை. "ஏதும் தேவையெண்டால் சொல்லுங்கோ" என்று யாராவது சொன்னால் தலையாட்டி அனுப்பிவிடாதீர்கள். ஒரு வேலையைச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாடு, கிளினிக் நாளில் மாட்டுக்குத் தண்ணி, ஞாயிறு பின்னேரம் இரண்டு மணித்தியாலம் நோயாளியோடு இருப்பது. கேட்டவருக்கும் அது நிம்மதி.

பெண் தலைமை தாங்கும் குடும்பங்களில் இந்தச் சுமை ஒருவர் தலையிலேயே விழுகிறது. கணவரைப் போரில் இழந்தவர், கூலி வேலைக்கும் போய், படுக்கையில் கிடக்கும் தாயையும் பார்க்கிறார். நித்திரை குழம்புதல், எதற்கெடுத்தாலும் எரிச்சல், காரணமில்லாத நெஞ்சிடிப்பு, செத்தால் நல்லம் என்ற எண்ணம் இவை வந்தால், அவருக்கும் சிகிச்சை தேவைப்படலாம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல வருடங்களாக எழுதிவந்ததுபோல, எங்கள் மக்களின் மனக்காயம் தனி ஆட்களுடையது மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியிருக்கிறது. முன்னர் தாங்கிப் பிடித்த கூட்டுக் குடும்பமும் அயலும் சிதறிய இடத்தில் இன்று ஒருவர் தனியே நிற்கிறார். மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையங்கள் உண்டு, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள்.

காத்திருக்கும் தாய்மார்

கடைசியாக, மற்ற இடங்களின் மருத்துவக் கட்டுரைகளில் இடம்பெறாத ஒரு நோயாளி. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டப் பந்தல்களில் இருந்த தாய்மாரில் பலர் பிள்ளையைக் காணாமலே இறந்துவிட்டார்கள். இன்னும் பலர் இப்போது நோயில் இருக்கிறார்கள். அப்படியொரு தாய்க்குப் புற்றுநோய் என்று சொல்லும்போது அவர் முதலில் கேட்பது தன்னைப் பற்றியதாக இருப்பதில்லை. "நான் போனால் என்ர பிள்ளையை ஆர் தேடுறது?"

இந்தக் கேள்விக்கு "அதை விடுங்கோ அம்மா, உடம்பைப் பாருங்கோ" என்று பதில் சொல்லாதீர்கள். அவரைப் பொறுத்தவரை உடம்பைப் பார்ப்பதே அதற்காகத்தான். மகன் திரும்பி வருவான் என்று நம்புகிறாரா, இறந்துவிட்டான் என்று நினைக்கிறாரா என்று கேட்டு அவரை ஒரு முடிவுக்குத் தள்ளவும் வேண்டாம். இரண்டையும் ஒரே நாளில் நினைக்கும் மனம் அது. அவருக்கு அமைதி தருவது, தேடல் தன்னோடு நின்றுவிடாது என்பதைக் கண்ணால் காண்பது.

ஒரு பின்னேரம் அவர் பக்கத்தில் இருந்து, மற்றப் பிள்ளையோ பேரப்பிள்ளையோ அந்தப் பழைய பையைத் திறக்கட்டும். கடைசியாகக் கண்ட இடம், திகதி, உடுத்திருந்த உடுப்பு, கூட இருந்தவர்கள், யாரிடம் கையளிக்கப்பட்டார் என்பதையெல்லாம் அவர் வாயால் சொல்லச் சொல்லித் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். களைத்தால் நிறுத்தி மறுநாள் தொடருங்கள். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, மனித உரிமைகள் ஆணைக்குழு, விசாரணை ஆணைக்குழுக்கள், காணாமல் போனோர் அலுவலகம் என்று இதுவரை கொடுத்த முறைப்பாடுகளின் இலக்கங்களை ஒரே தாளில் எழுதி, அடுத்துத் தொடர்புகொள்ள வேண்டியவராக யாருடைய பெயர் இருக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டு, அந்த அலுவலகங்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள். புகைப்படங்களைப் படம் எடுத்து வெளிநாட்டில் உள்ள சகோதரத்துக்கும் அனுப்புங்கள். கோப்பின் இரண்டாவது பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும், இடப்பெயர்வில் எத்தனை பைகள் தவறின என்பது அவருக்குத் தெரியும். மூலப் பையை மட்டும் அவர் தலைமாட்டிலேயே விட்டுவிடுங்கள்.